சொந்தமாக ஒரு மில்லிங் மெஷின்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

போனில் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. உன் மகள் பட்டம் வாங்கிய விருந்தில், உன் தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேர் முன்னால், "தங்கச்சி என்ன பண்றாங்க?" என்று ஒருவர் கேட்டார். "அவளா? தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். கூட நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கோபம் முழுசாக வந்தது.

அது கிடக்கட்டும். விஷயம் வேறு. நான் சொந்தமாக ஒரு மில்லிங் மெஷின் வாங்கப் போகிறேன். இரும்பைச் சீவி, குழி வெட்டி, துளை போட்டு வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருகிற மெஷின் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் பூராவும் நீ அவற்றுக்கு நடுவில்தான் நிற்கிறாய். நான் பார்ப்பது மேசைமேல் வைக்கிற சின்ன ரகம். பின்பக்கம் துணி துவைக்கிற அறையை அதற்காகக் காலி பண்ணிவிட்டேன். வாளிகள் இப்போது மாடிப்படிக்குக் கீழே.

தோல் பை தைக்கிற யூனிட்டை நடத்தும் முதலாளியம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். அங்கே இருக்கிற பதினெட்டு கனத்த தையல் மெஷின்களையும் ஆரம்பத்திலிருந்து நான்தான் ஓட்டத்தில் வைத்திருக்கிறேன். ஊசிக்கு அடியில் இருந்துகொண்டு தோலை முன்னால் தள்ளுகிற பல், சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள் வெட்டிய சின்ன இரும்புத் துண்டு இருக்கிறதே, அது எல்லா மெஷினிலும் தேய்ந்துவிட்டது. செய்த கம்பெனி அந்தப் பல்லை இப்போது செய்வதில்லை. கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். இரண்டு பட்டறைகளில் செய்து தரச் சொல்லிக் கேட்டேன். இத்துனூண்டு வேலைக்கு மெஷினை நிறுத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் புது மெஷின் விற்கிற ஏஜென்ட் வந்து உட்கார்ந்துகொண்டு, "பழசை எல்லாம் எடைக்குப் போட்டுடுங்கம்மா" என்றான்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "போட வேண்டாம். பல்லை நானே செஞ்சு தர்றேன். மார்ச் முடியறதுக்குள்ள" என்று வாயை விட்டுவிட்டேன். விட்டபோது என்னிடம் இருந்தது நாலு அரமும் துளை போடுகிற ஒரு மெஷினும்தான்.

வாக்குக் கொடுத்தாயிற்று. செய்யாவிட்டால் அந்தப் பதினெட்டும் லாரியில் ஏறும். "அவ சொன்னா செய்வா" என்று எனக்கு இங்கே ஒரு பேர் இருக்கிறது. அதுவும் அதே லாரியில் ஏறும். அந்தப் பேரைத் தவிர நான் வேறு எதையும் சம்பாதிக்கவில்லை.

உன்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். நீயாக ஏதாவது சொன்னால் தடுக்கமாட்டேன்.

தங்கை

*

பிப்ரவரி 9

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ ஆலோசனை கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்காத ஆலோசனை பின்வருமாறு.

மேசைமேல் வைக்கிற மெஷினை நான் மெஷின் என்று ஒத்துக்கொள்வதில்லை. இரும்பை வெட்டும்போது எதிர்த்து நிற்பது மெஷினின் கனம். கனம் இல்லாத மெஷின் அதிரும்; அதிர்ந்தால் வெட்டுகிற முனை குதிக்கும்; குதித்தால் அளவு போகும். இதில் பேச ஒன்றும் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழைய பெரிய மில்லிங் மெஷினை ஏலம் விடுகிறார்கள். வயசானது, ஆனால் மேசை சறுக்குகிற தடங்கள் தேயவில்லை. நானே அளந்து பார்த்தேன். நீ பார்க்கிற பொம்மைகளின் விலைக்கே கிடைக்கும். உனக்காகப் பேசி வைக்கவா?

அதெல்லாம் முடியாது, சின்னதுதான் வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நிற்பாய் என்று தெரியும். நின்றால் இதைக் கேள். உருண்டைத் தூண் வைத்த மெஷினை வாங்காதே. விலை மலிவாக இருக்கும், கடைக்காரன் அதைத்தான் உன் தலையில் கட்டப் பார்ப்பான். வெட்டுகிற கட்டரை மாற்றுவதற்காக, அதைப் பிடித்துச் சுழற்றுகிற தலையை மேலே ஏற்றினால் அது தூணைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிடும். இறக்கும்போது பழைய இடத்துக்கு வராது. கையில் இருக்கிற பணம் முழுவதையும் மெஷினிலேயே கொட்டிவிடவும் கூடாது. வேலையைப் பிடித்துக்கொள்ள நல்ல வைஸ், கட்டர்கள், கட்டரைப் பிடிக்கிற காலட்கள், இதற்கெல்லாம் பணம் இல்லையென்றால் மெஷின்மேல் துணி காயப் போடலாம்.

விருந்து விஷயத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

எழுதவில்லை என்று எழுதியதைப் படித்தேன். நன்றாக இருக்கிறது.

உன் பழைய மெஷின் எத்தனை கனம் என்று நீ எழுதவில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த யானையை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் முதலில் என் வீட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு வேண்டிய கரன்ட் லைன் எங்கள் தெருவுக்கே கிடையாது. நீ கொடுத்துவிட்டுப் போய்விடுவாய், கட்டித் தீனி போடுவது யார்? வேண்டாம்.

கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர், அதான் உன் மச்சினர், பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு அப்படியே காக்கிச் சட்டையோடு கூட வந்தார். கடைக்காரர் என்னைத் தாண்டி அவரிடமே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு, "சார், நான் வண்டி ஓட்டறவன். மெஷின் அவங்களுக்கு. நான் தூக்கறதுக்கு வந்திருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று ராத்திரி அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன்.

மூன்று மெஷின் காட்டினார்கள். நீ சொன்ன மாதிரியே உருண்டைத் தூணைத்தான் முதலில் தலையில் கட்டப் பார்த்தார். "இதான்மா நல்லா ஓடுது" என்றார். நான் அதன் மேசையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஊசி முனைக் கம்பி ஒன்றைப் பூட்டி, புள்ளிக்கு நேராக இறக்கச் சொன்னேன். பிறகு தலையை மேலே ஏற்றி, மறுபடி இறக்கச் சொன்னேன். கம்பி புள்ளியை விட்டு எங்கேயோ போய் உட்கார்ந்தது. கடைக்காரர் தலையை லேசாகத் தட்டி நேராக்கப் பார்த்தார். "நான் ஒவ்வொரு வேலைக்கும் இப்படித் தட்டிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டேன். அடுத்ததைக் காட்டினார்.

அடுத்தது சதுரத் தூண். தலை தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராக ஏறி இறங்கியது. கம்பி புள்ளிமேலேயே வந்து குத்தியது. ஆனால் உள்ளே பல்சக்கரமெல்லாம் பிளாஸ்டிக். "மாட்டிக்கிட்டா இது உடைஞ்சு மோட்டாரைக் காப்பாத்திடும்மா" என்று அதையே ஒரு பெருமையாகச் சொன்னார். மூன்றாவதும் சதுரத் தூண்தான், ஆனால் பெல்ட்டில் ஓடுகிறது. அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு நூல் உருளையை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். தையல் மெஷினை நான் அப்படித்தான் சோதிப்பேன். உருளை நின்றது. பக்கத்தில் பிளாஸ்டிக் சக்கர மெஷினில் வைத்தபோது நடந்துபோய்க் கீழே விழுந்தது.

கைப்பிடியைத் திருப்பும்போது கொஞ்சம் வெறும் சுற்று இருக்கிறது. திசையை மாற்றினால் மேசை உடனே நகரவில்லை. அது எல்லா மெஷினிலும் இருக்கும், பழகிக்கொள்ளலாம். விலைதான் நினைத்ததைவிட ஒரு படி மேலே. அதனால் வைஸை இப்போதைக்குப் பழைய கடையில் பார்த்து வாங்கி, நானே தேய்த்துச் சரி பண்ணப் போகிறேன். காலட்டும் மூன்று அளவில் மட்டும்தான்.

மூன்றாவதற்கு முன்பணம் கட்டிவிட்டேன். உன்னைக் கேட்காமல்.

தங்கை

*

பிப்ரவரி 20

தங்கைக்கு,

பென்சில் புள்ளி சரி. நூல் உருளையும் சரி. அதை நான் தொழிற்சாலையில் எங்கள் அளவு பார்க்கிற அறையில் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

மற்றபடி என் கருத்து மாறவில்லை. நீ வாங்கியது நல்ல பொம்மை. பொம்மையிலேயே நல்லது. கையால் தள்ளினால் நகரும். வெட்டும்போது மேசையோடு நடந்து தெருவுக்குப் போய்விடப் போகிறது, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளால் காட்டுகிற என் சொந்த டயல் கேஜ், ஸ்டாண்டோடு. மெஷின் வந்ததும் டயலைத் தலையில் மாட்டி, தலை மேசைக்கு நேராக நிற்கிறதா என்று மேசைமேல் சுற்றிப் பார். முள் எவ்வளவு ஓடுகிறது என்று எனக்கு எழுது. கூட்டாமல் குறைக்காமல் எழுது.

கீழே போட்டுவிடாதே. அது என் முதல் சம்பளத்தில் வாங்கியது.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

டயல் பத்திரமாக வந்தது. மெஷினும் வந்தது. நாலு ஆள் தூக்கி வந்தார்கள், பொம்மையாம். எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் துடைத்து, மேசையைக் கழற்றி, தடங்களைச் சுத்தம் பண்ணி, மறுபடி பூட்டி, பழைய இரும்புக் கால்கள்மேல் கனத்த பலகை போட்டு நானே செய்த மேசையில் ஏற்றினேன். நீ தெருவுக்குப் போய்விடும் என்று எழுதினாயே, அது என் மண்டைக்குள்ளேயே நின்றது. "நல்லா முறுக்குங்க, அசையவே கூடாது" என்று உன் மச்சினரிடம் சொன்னேன். அவர் பஸ் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரைக் கொண்டுவந்து நாலு போல்ட்டையும் முறுக்கினார். பலகை முனகியது. இப்போது வீட்டை நகர்த்தலாம், மெஷினை நகர்த்த முடியாது.

பிறகு டயலைப் பூட்டிச் சுற்றினேன்.

கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். முன் பின் பரவாயில்லை. இடது வலதுதான் மோசம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் முள் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தலை சாய்ந்து நிற்கிறது. ஒரு துண்டைச் சீவினேன். பக்கத்துப் பக்கத்து வெட்டு படிக்கட்டு மாதிரி இருக்கிறது, நகம் தட்டுகிறது. துளை போட்டால் சாய்ந்து இறங்குகிறது. அந்தத் துளையில் திருகு போட்டுப் பல்லை மாட்டினால் பல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தோல் நேராகப் போகாது, கோணிக்கொண்டு போகும்.

தலையைத் தளர்த்தி நேராக்கிவிட்டு அளந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி வேறு அளவு. கடைக்காரர், பதினைந்தாம் தேதிக்குள் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறேன் என்கிறார். திருப்பிக் கொடுத்தால் வேறு மெஷின் தேட நேரம் இல்லை. என் வாக்கு போயிற்று. வைத்துக்கொண்டால் படிக்கட்டுதான் செய்துகொண்டிருப்பேன்.

நீ சொன்னது சரியாகிவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். வாக்கு போவதைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

என்ன செய்யட்டும்? இந்த முறை கேட்கிறேன். ஆலோசனைதான் கேட்கிறேன்.

தங்கை

*

மார்ச் 10

தங்கைக்கு,

திருப்பிக் கொடுத்துவிடு என்று ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். "நான் அப்போதே சொன்னேன்" என்ற வார்த்தை அதில் இருந்தது. எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. பிறகு கிழித்துப் போட்டேன்.

கிழித்ததற்குக் காரணம் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அளவுகளில் ஒன்று எனக்கு இடித்தது. மட்டமான மெஷின் என்றால் தப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று மாறக்கூடாது. மாறுகிறது என்றால் எதுவோ அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முறுக்கிய பிறகு அளந்தாய். முறுக்குவதற்கு முன்னால் அளந்தாயா? எழுதவில்லை.

எங்கள் அறையில் மட்டம் பார்க்கிற கல் மேசைமேல் ஒரு நல்ல இரும்புப் பாளத்தை வைத்து, ஒரு மூலைக்கு அடியில் சிகரெட் அட்டை தடிமனுக்குக் காகிதம் கொடுத்து, அந்த மூலையை இறுக்கினேன். பக்கத்தில் வைத்த டயலின் முள் எழுந்து ஓடியது. உள்ளங்கை கனம் இருக்கிற இரும்பே வளைகிறது. உன் பலகை நிச்சயமாகச் சமதளமாக இல்லை, எங்கேயோ பள்ளம் இருக்கிறது. மெஷினின் அடிப்பாகத்தை அந்தப் பள்ளத்துக்குள் முறுக்கி இழுத்திருக்கிறீர்கள். அதோடு தூணும் சாய்ந்திருக்கிறது.

நாலு போல்ட்டையும் தளர்த்து. பிறகு அள. பஸ் டிரைவரைக் கிட்டே விடாதே.

மெஷினைத் திருப்பிக் கொடுக்காதே. இதைத் தந்தி மாதிரி நினைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

உன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் கை சும்மா இருக்குமா?

காலையில் பழக்கத்தில் ஒரு தையல் மெஷினை ரிப்பேருக்கு எடுத்தேன். யாரோ வீட்டில் தலையை மேசையோடு வைத்து இறுக்கித் தொலைத்திருந்தார்கள். தையல் மெஷினின் தலையை யாரும் அப்படி இறுக்கமாட்டார்கள். அது மெத்தென்று ஏதாவது ஒன்றின்மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வலுக்கட்டாயமாகப் பிடித்து இறுக்கினால் உள்ளே தண்டு மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்றாது. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்தத் திருகைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பின் அறைக்கு ஓடினேன்.

டயலை மாட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டே வலது பக்கப் பின் போல்ட்டைத் தளர்த்தினேன். முள் திரும்பி நடந்து வந்தது. நான் வாய்விட்டுக் கத்தியதில் உன் மச்சினர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார், கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு. பலகைமேல் அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம். மெஷினை அந்தப் பள்ளத்துக்குள் இழுத்துக் கட்டியிருக்கிறோம்.

பித்தளைத் தகடு வெட்டிப் பள்ளம் இருக்கிற பக்கத்தில் கொடுத்தேன். போல்ட்டைச் சாதாரண ஸ்பேனரால், பிடிக்கிற அளவுக்கு மட்டும். மெஷின் நகரவில்லை. தெருவுக்கும் போகவில்லை. இப்போது முள் ஒரு முடி அளவுகூட ஓடவில்லை. சீவிய துண்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது.

"அப்ப என் கை பலத்தைக் குறை சொல்றியா?" என்று உன் மச்சினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மெஷின் நல்ல மெஷின். நான் தேர்ந்தெடுத்தது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததும் நான். எழுதி வைத்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 14

தங்கைக்கு,

இரண்டு கடிதத்திலும் ஒரே தேதி. என்னுடையதை நான் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன். நீ கோளாறு கண்டுபிடித்தது காலை வேலைக்கு உட்கார்ந்த பிறகு. அதனால் முதலில் கண்டுபிடித்தது நான்.

ஆனாலும் தையல் மெஷினை வைத்து அதைக் கண்டுபிடித்தது நல்ல வழி. என் வழிக்குக் கல் மேசை வேண்டியிருந்தது.

பல் செய்ததும் ஒன்றை எனக்கு அனுப்பு.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

இப்போது மீதியைக் கேள். முதல் பல்லைக் கெடுத்தேன். இரண்டாவதையும் கெடுத்தேன். துண்டில் வரிசையாக வருகிற ஒவ்வொரு பல்லுக்கும் மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வெட்ட வேண்டும்; நான் ஒரு இடத்தில் தாண்டிப் போய்விட்டேன் என்று கைப்பிடியைப் பின்னால் திருப்பினேன், வெறும் சுற்றில் மாட்டிக்கொண்டேன். ஒரு பல் குண்டு, பக்கத்தில் இருந்தது ஒல்லி. பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே திசையில்தான் திருப்புவது, தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வருவது என்று வழக்கம் பண்ணிக்கொண்டேன். அதிலிருந்து ஒன்றுகூடக் கெடவில்லை. சின்ன மெஷின் என்பதால் ஒரே வெட்டில் ஆழமாகப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவ வேண்டும். சீவினேன். எனக்கு என்ன அவசரம், மார்ச் முடிய நாள் இருந்ததே! வெட்டி முடித்து, தேயாமல் கெட்டிப்படுவதற்காகச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அறை முழுக்கப் புகை. துணி துவைக்கிற அறையில் ஜன்னல் பெரிதாக வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

நேற்று யூனிட்டுக்குப் போனேன். ஏஜென்ட் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான், கையெழுத்துப் போடப் பேனாவை மூடி கழற்றியே வைத்திருந்தான். முதல் மெஷினில் பல்லை மாட்டினேன். அதை ஓட்டுகிறவர் அங்கே மூத்த தையல்காரர்; யாரையும் லேசில் பாராட்டமாட்டார், உன் ஜாதி. அவர் இருப்பதிலேயே தடித்த தோலை நாலு மடிப்பாக மடித்து உள்ளே விட்டார். வேண்டுமென்றேதான். கையை எடுத்துவிட்டார். தோலைப் பிடிக்கவே இல்லை, பெடலை மட்டும் மிதித்தார். தோல் தானாகப் போயிற்று அக்கா. கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. அந்தக் கடைசியில் போய் விழுந்தது.

அவர் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசுல கூட இது இப்படி இழுக்கலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்ற மெஷின்களில் இருந்தவர்களெல்லாம், "எனக்கு முதல்ல மாட்டுங்க, எனக்கு முதல்ல" என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

முதலாளியம்மா ஏஜென்ட்டைப் பார்த்து, "காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றார். அவன் போகிற போக்கில் அந்தப் பல்லைக் குனிந்து பார்த்து, "எந்த ஊர் கம்பெனி சரக்கும்மா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் முந்திக்கொண்டு, "எங்க மெக்கானிக் வீட்ல செஞ்சது" என்றாள். அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

பதினெட்டும் மாட்டியாயிற்று. பத்தொன்பதாவது இந்த உறைக்குள் இருக்கிறது. அளந்து பார். அளக்காமல் இருக்கமாட்டாய்.

தங்கை

*

ஏப்ரல் 5

தங்கைக்கு,

அளந்தேன். கல் மேசையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், பல் பல்லாக. ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, உசரம். ஒரு மைக்ரானுக்கு எங்கள் அறையின் வெப்பமே காரணமாக இருக்கலாம். ஆகவே அதைக் குறையாக எழுதவில்லை.

நான் அளந்துகொண்டிருக்கும்போது பெரிய மேனேஜர் வந்தார். விருந்தில் உன்னைப் பற்றிக் கேட்டாரே, அதே ஆள்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "நல்ல வேலை. எந்த மெஷின்ல வெட்டினது?" என்றார். மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின் என்றேன். "சான்ஸே இல்ல" என்றார். "நான் சொல்றேன் சார், இருக்கு. வெட்டினது என் தங்கச்சி. மெஷினை அவளேதான் பார்த்து வாங்கினா. நான் வேண்டாம்னு சொன்னேன், அவ கேக்கல. கேக்காததுதான் சரி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்கும் சொன்னேன். கேட் வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். உன் பல் என் கைப்பையில்தான் இருக்கிறது, திருப்பித் தரமாட்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நீ வெறும் சுற்றைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, கைப்பிடியைத் திருப்பினால் மேசை உடனே நகராது என்று. அது எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை மைக்ரான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அது கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் செய்ததை அளக்கிறேன். இது சரி, இது தப்பு, இதை எடுத்துப் போடு. நான் சரி என்று சொல்லாமல் எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டு இரும்பு வெளியே போனதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் ஒன்றுகூட நான் செய்ததில்லை.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்கும் அல்லவா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், கைப்பிடியை என்னிடம் விடு. ஏதாவது ஒரு துண்டு நானும் வெட்டிப் பார்க்கிறேன். நீ அளந்து பார். தப்பு என்றால் தூக்கிப் போடு, தயவு தாட்சண்யம் பார்க்காதே. நான் யாருக்கும் பார்த்ததில்லை.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வா. பாய் என்ன பாய், கட்டிலையே தருகிறோம். உன் மச்சினர் கூடத்தில் படுத்துக்கொள்கிறாராம். ஸ்டேஷனுக்குப் பள்ளிக்கூட பஸ்ஸையே கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். ஒழுங்காக ஆட்டோ பிடித்து வா.

வேலை செய்யும்போது அக்கா தங்கை கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டர் சுற்றும்போது துண்டைத் தொடக்கூடாது. நான் நிறுத்து என்றால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். முதல் வெட்டில் பல்லைக் கடிப்பாய், தோளைத் தூக்கிக்கொள்வாய், எல்லோரும் அப்படித்தான். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உனக்காக ஒரு துண்டு இரும்பை வெட்டிச் சதுரமாகச் சீவி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் நீ என்ன வேண்டுமானாலும் வெட்டிக்கொள். முன்னே பின்னே போகட்டும், குண்டும் ஒல்லியுமாக வரட்டும், படிக்கட்டே வரட்டும்.

ஆனால் அளந்து பார் என்றாயே, அது மட்டும் நடக்காது. உன் டயலை உன் கண்முன்னாலேயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். நீ வெட்டிய துண்டை எண்ணெய் துடைத்து, சூடு ஆறுவதற்குள் உன் கையிலேயே கொடுப்பேன். யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன், "எங்க அக்கா செஞ்சது" என்று.

தங்கை